பொன்னோலையும் பல்லக்கும்

இதனால் மணிமுடி நாட்டுக் குடிமக்கள் யாவருக்கும், காதுள்ள கால்நடைகளுக்கும் அறிவிப்பது யாதெனில்: இன்று முதல் நாட்டில் ஏற்றத்தாழ்வு ஒழிந்தது. பிள்ளைக்கு ஒரு பொன்னோலை. அதைக் காட்டி எந்தப் பள்ளியிலும் சேரலாம்.

முரசு ஓய்ந்த பிறகும் சடையாண்டி வாய் பிளந்தபடியே நின்றான். பதினோரு வருடமாகப் பிரபுக்களின் பிள்ளைகளைப் பல்லக்கில் வைத்து மலைப்பள்ளிக்குத் தூக்கிச் செல்பவன் அவன். அதன் பளிங்குப் படிகளை வெளியே நின்று பார்த்ததோடு சரி. இனி அவன் மகள் பூரணம் அதில் ஏறுவாள்.

ஓலை வந்தது. வெயிலில் பிடித்தால் கண் கூசியது.

"ஏங்க, நம்ம கீழ்ப்பள்ளி வாத்தியார் மூட்டையக் கட்டிட்டுப் போறாரே?" என்றாள் மனைவி.

"அவருக்கு அளக்குற நெல்ல நிறுத்தித்தானே ஓலையே அடிச்சிருக்காங்க. நமக்கு இனிமே அவரு எதுக்குடி?"

மலைப்பள்ளி வாயில் அதிகாரி எழுந்து நின்று கும்பிட்டார். ஓலையைத்தான்.

"அரச முத்திரை. கண்கொள்ளாக் காட்சி. சரி, பிள்ளையின் பல்லக்கு எங்கே?"

"நடந்துதாங்க வந்தோம்."

"இங்கே பிள்ளைகள் பல்லக்கில் வந்து இறங்குவதே மரபு. ஓலை படிப்புக்கு மட்டும். பல்லக்கு பெற்றோர் பொறுப்பு."

"நானே தோள்ல தூக்கியாரேன் சாமி. பதினோரு வருசப் பழக்கம்."

"பல்லக்குக்கு நாலு பேர் வேண்டுமப்பா. அதுவுமில்லாமல், முதல் மணிக்குள் நீ கருவூலத் தலைவர் மகளைத் தூக்கி வர வேண்டாமா?"

"அப்பா, அந்தக் கருவூலத்து வீட்டுப் பொண்ணுக்கும் இதே ஓலை குடுத்திருக்காங்களாமே?" என்றாள் பூரணம்.

அதிகாரி நெகிழ்ந்துபோனார். "அதுதான் குழந்தாய் நீதி. அவளுக்கும் ஒன்று, உனக்கும் ஒன்று. அவர்கள் வீட்டில் அதை உருக்கிப் பல்லக்குக்குக் குமிழ் போட்டுவிட்டார்கள்."

அந்தக் குமிழின் ஜொலிப்பைச் சடையாண்டியும் பார்த்திருக்கிறான். பல்லக்கு கொஞ்சம் கனம் கூடியிருந்தது.

மாதக் கடைசியில் கல்வி மந்திரி நெடுஞ்சேந்தனார் மக்கள் முன் தோன்றினார். "தேர்ந்தெடுக்கும் உரிமையை உங்களிடமே கொடுத்தோம். கீழ்ப்பள்ளியை ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. குடிகளின் தீர்ப்புக்குத் தலைவணங்கி அதை மூடுகிறோம்."

'ராஜாங்கமே நமக்குத் தலைவணங்குதே' என்று சடையாண்டி மலைத்துப்போய், தோள் வலியோடு கைதட்டினான்.

கீழ்ப்பள்ளியில் இப்போது பல்லக்குகளை நிறுத்துகிறார்கள். பூரணம் அவற்றைத் துடைக்கிறாள்.