வயிற்றுக்குள் பன்மை

தலையே போனாலும் இன்று பாத்திரம் கழுவுவதில்லை என்று புரூஃப்காரர் தீர்மானித்துவிட்டார். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். தெருவில் அதுவே பெயராகிவிட்டது.

தன் அண்ணன் வருகிறாரென்று மனைவி ஃபிரிட்ஜில் ஒளித்து வைத்திருந்த கேக்கில் பாதியைக் காணோம். தின்றவர் ஒரு மாதம் பாத்திரம் கழுவ வேண்டும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். அவர் மீசையில் கிரீம் வேறு. இன்னொருவராக இருந்தால் காலில் விழுந்திருப்பார். இவரிடம் விஞ்ஞானம் இருந்தது. அன்றுதான் அச்சகத்தில் ஒரு மருத்துவக் கட்டுரையைத் திருத்தியிருந்தார்.

"நான் திங்கலடி. குடல்ல கோடிக்கணக்கா கிருமி இருக்கு. அதுங்களுக்கு இனிப்பு வேணும்னா மூளைக்குச் சேதி அனுப்பி நம்மளத் திங்க வைக்குது."

கட்டுரையில் 'வைக்கக்கூடும்' என்றுதான் இருந்தது. அந்தக் 'கூடும்' என்ற சொல்லை வீட்டுக்கு வரும் வழியிலேயே அடித்துவிட்டார்.

"அப்ப கேக்கை எடுத்த கை யாருது?"

"கை என்னுது. உத்தரவு அதுங்களது."

"கீரை வச்சா மட்டும் எல்லாம் தூங்கிடுதோ?"

"ருசி தெரிஞ்ச கிருமிடி!"

நெஞ்சை நிமிர்த்தினார். வயிறுதான் முன்னால் வந்தது.

மனைவி யோசித்தாள். "அப்ப உள்ள கோடிப் பேரு இருக்காங்க."

"ஆமா."

"அதான் கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்களை 'நீங்க, நீங்க'ன்னே கூப்பிடறேன்."

அவருக்குச் சுருக்கென்றது. "அது மரியாதைடி!"

"மரியாதையா? இது வெறும் பன்மைதான். கிருமிங்க எல்லாரையும் சேத்து."

ஒருமை பன்மை பார்த்தே வயிறு வளர்த்தவர் அவர். முதலாளி 'வாய்யா' என்கிறார். பால்காரர் 'யோவ்' என்கிறார். உலகத்திலேயே இந்த ஒரு வாயிலிருந்து கிடைக்கும் 'நீங்க'வையும் கிருமிகளுக்குத் தாரை வார்ப்பதா? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"கிருமியாவது மண்ணாங்கட்டியாவது! இங்க இருக்கிறது நான் ஒருத்தன்தான். கேக்கைத் தின்னதும் நான் ஒருத்தன்தான். எவனுக்கும் பங்கு கிடையாது! என்ன செய்வே?"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒருத்தன்தானே?"

"ஒருத்தனேதான்!"

பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அவர் கையில் வைத்தாள்.

"அப்ப நீ கழுவு."