நான் இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்

திரையில் அக்காவும் தங்கையும் செய்தி வாசிப்பவர்களைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“அன்புத் தங்கையே, நலமா?” என்றார் அக்கா.

“நலமே அக்கா. தாங்கள்?”

மூன்றாவது கட்டத்தில் இருந்த ஆய்வு மாணவி தலையில் கைவைத்தாள். வெவ்வேறு ஊர்களில் இருக்கும் குடும்பத்தினர் வீடியோ அழைப்பில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. “இயல்பான பேச்சு ஒண்ணாவது பதிவாகணும். இல்லேன்னா தலைப்பையே மாத்திடு” என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

“நான் இங்க இல்லேன்னு நினைச்சுக்கிட்டுப் பேசுங்க ஆன்ட்டி.”

“சரிம்மா” என்ற அக்கா, தங்கையிடம் திரும்பினார். “இந்தப் பொண்ணு இங்க இல்லை, கவனிச்சியா?”

“கவனிச்சேன்க்கா. இல்லவே இல்லை. இல்லாட்டியும் லட்சணமா இருக்கா.”

மாணவி தன் கேமராவை அணைத்தாள். கட்டம் கறுத்தது.

“பொண்ணு மயங்கிட்டா போல.”

“பக்கத்துல யாராவது இருக்கீங்களா? அவ மூஞ்சில தண்ணி தெளிங்க.”

கறுப்பாக இருப்பதால்தானே இந்தக் கலவரம் என்று, அவள் அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டிப் படத்தை வைத்தாள். அப்புறம் இருவரும் தொட்டியோடுதான் பேசினார்கள்.

“இலையெல்லாம் வாடியிருக்கே. தண்ணி ஊத்தறியாம்மா?”

“அதிகமா ஊத்தினா வேர் அழுகிடும்மா. சிலருக்கு அது புரியாது.”

மாணவிக்குப் பொறுமை போய்விட்டது. “பதிவு பாட்டுக்கு ஓடட்டும். எனக்கு வேற வேலை இருக்கு” என்று சொல்லி அழைப்பிலிருந்தே வெளியேறினாள்.

மாலையில் ஆவலோடு பதிவைத் திறந்தாள். பார்க்க ஆளில்லாத பேச்சு, அசல் பேச்சு.

பேச்சே இல்லை. அக்கா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை வளையலை உருட்டிக்கொண்டிருந்தார். முதலில் அழைப்பைத் துண்டிப்பவர் தோற்றவர் என்பதுபோல இருவரும் அசையாமல் இருந்தார்கள். ஒலிதான் பழுதோ என்று மாணவி சத்தத்தைக் கூட்டினாள். யார் வீட்டிலோ மின்விசிறி கிறீச்சிட்டது.

கடைசியில், இந்த ஆராய்ச்சிக்கு இருவர் பெயரையும் கொடுத்திருந்த அக்காவின் கணவர் பக்கவாட்டில் மெல்லத் தலையை நீட்டி, கேமராவிடம் கிசுகிசுத்தார்:

“அம்மாடி, அடுத்த தடவை தயவுசெஞ்சு எழுந்து போயிடாதே. வருஷக்கணக்கா முகம் குடுத்துப் பேசாதவங்க, மூணாம் மனுஷி பார்க்கறாளேங்கிற கௌரவத்துக்காகத்தான் பேசறாங்க.”