பிறேக் காக்கா மாப்பிள்ளை கேட்டு வந்த நாள்

உலகத்தில் எல்லாரும் சைக்கிள் வாங்குவது போவதற்கு. நிற்பதற்கென்றே சைக்கிள் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் மருதமுனைப் பிறேக் காக்காதான்.

இத்தனைக்கும் எங்கள் கரையில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. கோமாரி வரைக்கும் போனாலும் றோட்டு பாய் விரித்த மாதிரிக் கிடக்கும். மிதிப்பதை விட்டாலே சைக்கிள் தானாக நின்றுவிடும். அப்பேர்ப்பட்ட ஊரில் இருந்துகொண்டுதான் மனிதர் பிறேக், பிறேக் என்று உயிரை விட்டார்.

அவருக்குக் கோடு போட்ட கைத்தறிச் சாரன் வியாபாரம். மூட்டையைக் கட்டிக்கொண்டு வரிப்பத்தான்சேனைக்குப் புறப்பட்டால் வழியில் ஒவ்வொரு மதகிலும் இறங்கி பிறேக்கைத் திருகுவார். போய்ச் சேரும்போது, பெருநாளுக்குப் புதுச் சாரன் கேட்டவர்கள் பழைய சாரனோடு தொழுதுவிட்டு வந்து நிற்பார்கள்.

ஜும்மா முடிந்தால் பள்ளிவாசல் மதிலில் சாத்தியிருக்கும் சைக்கிள்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பார். "ஆர்ட சைக்கிள் இது? மௌத்தாகப் போறியா?" என்று ஒரு நாள் கத்தினார். அது மௌலவியின் சைக்கிள்.

"அல்லாஹ் காப்பான், காக்கா" என்றார் மௌலவி.

"காப்பான் ஹஸ்ரத். ஆனா நட்ட நாமதான் இறுக்கணும்."

என்னிடம் அப்போது வாப்பா பதுளைப் பக்கமிருந்து கொண்டுவந்த பழைய சீமைச் சைக்கிள் ஒன்று இருந்தது. மற்றவர்களுடையதெல்லாம் கம்பிப் பிறேக். இதற்கு மட்டும் கேபிள் பிறேக். நண்டின் கொடுக்கு மாதிரி இரண்டு கை றிம்மை இரண்டு பக்கமும் கவ்வ வேண்டும். ஆனால் ஒரு பக்கத்து றப்பர்க் கட்டை றிம்மோடு உரசிக்கொண்டே இருக்கும், மற்றது பட்டும் படாமலும் நிற்கும். காக்காவிடம் கொண்டுபோனேன்.

"ரெண்டும் ஒண்டாத் தொடணும் மகன். ஒண்டு மட்டும் பாடுபட்டா அது குடும்பமில்ல" என்றபடி பின்நட்டைத் தளர்த்தி, கையை நடுவுக்குக் கொண்டுவந்து இறுக்கினார். "றஹீமா, சின்னச் சாவி!" என்று கூப்பிட்டார். வேலிக்கு மேலால் ஒரு கை நட்டுத் திருகும் சாவியை நீட்டியது.

அந்தக் கையை மட்டும்தான் கண்டேன். அல்லாஹ்வே, அதுவே போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு நானே என் பிறேக்கைத் தளர்த்திக்கொண்டு அடிக்கடி அவர் வாசலுக்குப் போனேன்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். காக்கா மகள் றஹீமாவுக்காகச் சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குப் போனார். பலகாரத் தட்டைக் கையில் எடுத்தவர் முற்றத்தில் மாப்பிள்ளையின் சைக்கிளைக் கண்டார். அமுக்கினார். தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டார். "பிறேக் இல்லாதவனுக்குக் கோவம் வந்தா எங்க போய் நிப்பான்?" என்று கேட்டார். இப்படியே நல்ல நல்ல சம்பந்தமெல்லாம் தட்டிப்போனது.

அடுத்து என் பெயர் அடிபட்டது. காக்கா சொன்னாராம்: "பொடியன் நல்லவன்தான். ஆனா அவன்ட பிறேக் ஒரு கிழமையும் நிலைக்கிதில்லையே!"

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டிருந்தேன்.

ஆனாலும் பெரியவர்கள் சொல்லி, ஒரு தரம் வந்து பார்க்கக் காக்கா சம்மதித்தார். அவர்கள் கேட்டு வருகிற அன்று காலையிலேயே கட்டை இரண்டையும் ஒன்றாகத் தொட வைத்து, கேபிளை இழுத்து இறுக்கி, இனி ரயிலே நிற்கும் என்ற நம்பிக்கையோடு குளிக்கப் போனேன். அந்த நேரத்தில் உம்மா, பெண் வீட்டார் வருகிறார்களே, சைக்கிள் மினுங்கட்டும் என்று தேங்காய் எண்ணெய்ச் சீலையால் தலை முதல் கால் வரை துடைத்திருக்கிறார். றிம், கட்டை எதையும் விடவில்லை.

காக்கா வெள்ளைச் சேட்டோடு வந்தார். நேரே சைக்கிளிடம்தான் போனார். அமுக்கினார். முகம் மலர்ந்தது. "ஓடிப் பாக்கட்டா மகன்?" என்று ஏறி மிதித்தார்.

எங்கள் தெருவில் தறிக்குப் போகும் சாய நூலை றோட்டு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் காயவிட்டிருந்தார்கள். ஈரம் போகவில்லை. காக்கா பிறேக்கை அமுக்கினார். சைக்கிள் நிற்கவில்லை. "யா ரப்பே!" என்ற சத்தம் மட்டும் கேட்டது. நூலுக்குள்ளிருந்து எழும்பியபோது சேட் பச்சையும் சிவப்புமாகக் கோடு விழுந்து, காக்கா அவர் விற்கிற சாரன் மாதிரியே நின்றார்.

ஊரே சிரித்தது. நானோ, றஹீமா கைவிட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

காக்கா கட்டையை மோந்து பார்த்தார். "தேங்கா எண்ண! ஆரு பூசின?"

உம்மா கதவுக்குப் பின்னால் அந்த எண்ணெய்ச் சீலையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"நான்தான் காக்கா" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து மோந்தார். சவர்க்கார வாசம்தான் வந்தது. கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு தன்னோடு வந்த பெரியவர்களிடம் திரும்பினார்.

"பேச்ச முடிங்க. உம்மாவக் காட்டிக் குடுக்காதவன் என்ட புள்ளயையும் காட்டிக் குடுக்க மாட்டான். மறுகா, எனக்குக் கொஞ்சம் மண்ணெண்ணயும் ஒரு துணியும் தாங்க. பிறேக்கக் கழுவணும்."

எங்கள் வழக்கப்படி நான் அவர் வீட்டுக்கே மாப்பிள்ளையாகப் போனேன். காலையில் வேலைக்குப் புறப்பட்டால் கேற்றடியில் நிற்பார். "மருமகன், பிறேக் பாத்தீங்களா?" என்பார். "பாத்துட்டன் மாமா" என்றாலும் நம்பாமல் தானும் ஒரு தரம் அமுக்கிப் பார்ப்பார். எனக்குச் சில நாள் எரிச்சல்கூட வரும்.

அவர் மௌத்தாகி வருஷங்கள் போய்விட்டன. எனக்கும் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. இன்றைக்கும் கேற்றடியில் நின்று ஒரு தரம் அமுக்கி, "பாத்துட்டன் மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் புறப்படுகிறேன்.