மாடலில் யாரும் இல்லாத சாப்பாட்டு அறை

மாடல்காரர் என்றோர் இனம் நம் பக்கத்தில் பெருகிவருகிறது, கவனித்தீர்களா? பட்டுப்புடவை விளம்பரத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிற மாடல் இல்லை. ஒரு கட்டடத்தை மண்ணில் கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டருக்குள் கட்டி, அதன் மேல் வெயிலை அடிக்கவிட்டு, காற்றை நுழையவிட்டு, நாலு ஆட்களைக் குடிவைத்து, வருஷம் முழுக்கக் கரண்ட் எவ்வளவு செலவாகும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுகிற புண்ணியவான். சொல்வதோடு நிறுத்தினால் கையெடுத்துக் கும்பிடலாம். சொன்னதை அவரே நம்பவும் ஆரம்பித்துவிடுகிறார். அங்கேதான் ஒரு பெண்ணின் கண்ணீர்க் கதை தொடங்குகிறது.

இவரை அடையாளம் காண்பது சுலபம். உங்களுக்கு வியர்த்தால் மின்விசிறியைப் பார்க்க மாட்டார், மடிக்கணினியைத் திறப்பார். விழுப்புரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் தேவநாதன், தன் கடைக்கு மாடல் போட்டுக் கொடுத்தவரிடம் ஒருநாள் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே கேட்டார்: "ஏசி ஓடிக்கினே கீது, இப்பிடி வேர்த்துக் கொட்டுதே சார்?"

"மாடல்ல வேர்க்கல சார்."

அவ்வளவுதான் பதில். தேவநாதன் தன் சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நனைந்திருந்த சட்டை தன்னுடையதுதானா என்று அவருக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட நம்பிக்கை பாருங்கள்!

அப்படிப் பதில் சொன்னவர் ஜினேஷ். அலுவலகம் விழுப்புரத்தில், வீடு திண்டிவனத்தில், மனசு இரண்டு இடத்திலும் இல்லாமல் கணினிக்குள். புது வீடு கட்டியபோது சாப்பாட்டு அறையின் மேற்குச் சுவர் முழுவதும் ஸ்மார்ட் கண்ணாடி பொருத்தினார். மின்சாரத்தால் நிறம் மாறுகிற கண்ணாடி அது. கட்டளை போனால் கருத்துப்போய் வெயிலைத் தடுக்கும், இன்னொரு கட்டளை போனால் தெளிந்து வெளிச்சம் விடும். அறையில் ஆள் இல்லாதபோது கருத்திருக்க வேண்டும், ஆள் வந்தால் தெளிய வேண்டும் என்று மாடலில் போட்டு, அந்தக் கால அட்டவணையை அப்படியே கண்ணாடிக்கு அனுப்பிவிட்டார். கண்ணாடிக்குச் சுவரில் ஒரு சுவிட்ச் வேண்டாமா என்று எலெக்ட்ரீஷியன் கேட்டதற்கு ஜினேஷ் சிரித்தார். "சுவிட்ச் வெச்சா ஆளு கை வெப்பான். கட்டடத்துல பெரிய தப்பே ஆளுதாங்க."

அதனால் அவர் உண்மையில் நேசித்தது மாடலுக்குள் குடியிருந்த நால்வரைத்தான். அந்த நால்வர் தும்ம மாட்டார்கள், ஜன்னலைத் தட்ட மாட்டார்கள், மாமனார் வீட்டுக்குப் போக மாட்டார்கள், சொன்ன நேரத்துக்கு உட்கார்ந்து சொன்ன நேரத்துக்கு எழுந்திருப்பார்கள். அவர்கள் மென்பொருளோடு கூடவே வந்தவர்கள். எந்தத் தேசத்துக் குடும்பமோ தெரியாது, ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிடும் பழக்கம் அவர்களுக்கு.

ஜினேஷ் வீட்டார் சமணர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பதுதான் பரம்பரைப் பழக்கம். விளக்கு வைத்தபின் தண்ணீர்கூடத் தயங்கித்தான் குடிப்பார்கள். இந்த மனிதரும் பிறந்ததிலிருந்து ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பருக்கை தொட்டவரில்லை. ஆனால் தன் வீட்டு மாடலில் யாரைக் குடிவைத்தார்? எட்டு மணிக்காரர்களை! மாடல்காரர் செய்யக்கூடிய தவறு இது ஒன்றுதான்: உலகத்தையே கணக்கில் சேர்த்துக்கொள்வார், தன்னை விட்டுவிடுவார்.

விளைவு என்ன? சாயங்காலம் குடும்பம் சாப்பிட உட்காரும்போது கண்ணாடி அமாவாசையாகக் கருத்திருந்தது. ஜினேஷ் விழுப்புரத்திலேயே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுவிட்டு ரயிலேறுகிறவர், ஞாயிற்றுக்கிழமையானால் கணினி முன்னாலேயே சாப்பிடுகிறவர், அவருக்குத் தெரியவில்லை. மனைவி ஸ்ரீநிதி தட்டை எடுத்துக்கொண்டு சமையலறை ஜன்னலோரம் நின்றபடியே சாப்பிட்டுப் பழகிக்கொண்டாள். சொல்லாமலா இருந்தாள்? சொன்னாள். "மாடல்ல அப்பிடி வரலையே" என்று பதில் வந்தது. பெண் மனம், பொறுத்துக்கொண்டது.

அவளுக்குப் பொறுக்க முடியாத ஒன்று இருந்தது. புதுமனை புகுவிழாவன்று அவள் அப்பா யசோதரன், வல்லத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்கிறவர், மகள் வீட்டு ஜன்னலுக்கென்று ஆசையாகப் பச்சைத் திரைச்சீலை வாங்கி வந்தார். "இந்தக் கண்ணாடிக்குப் போய் திரை போடறது அதுக்கு அவமானம் மாமா" என்று மாப்பிள்ளை பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டார். அன்று கை நனைக்காமல் போன மனிதர் பிறகு அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை. அலமாரிக்குள் மடித்துவைத்த அந்தத் துணியைத் தடவித் தடவி ஸ்ரீநிதி விட்ட பெருமூச்சை எந்த மாடல் கணக்கெடுத்தது, சொல்லுங்கள்?

கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை வரவழைத்தாள். கத்திரிக்காய்க் கூட்டு, மல்லாட்டைத் துவையல், அவருக்குப் பிடித்த கேப்பை அடை. வெயில் இருக்கும்போதே இலை போட்டுவிட்டாள். யசோதரன் வந்து உட்கார்ந்தார். எதிரே சுவர் முழுக்கக் கருப்பு.

"இன்னா மாப்ளே, பொழுது போயிட்ச்சா?"

"இல்ல மாமா, வெளிய வெயிலு நல்லா அடிக்குது. உள்ள விடாம தடுத்துக்கினு கீது. அதான் இதோட அழகே."

"இருட்டுல எப்பிடிம்மா சாப்புடறது?" என்று பெரியவர் மகளைப் பார்த்தார். அவள் விளக்கைப் போடக் கை நீட்டினாள். "வேணாம்மா. விளக்கு போட்டுச் சாப்புடறதுக்கா பொழுதோட வந்தேன்?"

ஸ்ரீநிதி கணவன் பக்கம் திரும்பினாள். "என்னங்க, அதத் தொறந்து உடுங்களேன். ஜல்தி!"

ஜினேஷ் மடிக்கணினியைத் திறந்து அட்டவணையைத் தேடினார். முகம் மலர்ந்தது. "கண்ணாடி மேல தப்பில்ல மாமா! மாடல் படி இப்ப இந்த ரூம்ல யாருமே இல்ல."

யசோதரன் தன் முன்னால் இருந்த இலையைப் பார்த்தார்.

"அப்ப நான் யாரு மாப்ளே?"

சொல்லுங்கள், இந்தக் கேள்விக்கு எந்தக் கணினி பதில் சொல்லும்?

"ஒரு நிமிஷம் மாமா. நேரத்த மாத்திட்டு, ஒரு வருஷம் ஓட்டிப் பாத்துட்டு அனுப்பிச்சிட்றேன்."

"ஒரு வருஷமா?"

"கம்ப்யூட்டர்ல ஒரு வருஷம் மாமா. தோ, ஜனவரி ஓடுது."

"ஓட்டாமலே அனுப்புங்களேன்!" என்றாள் ஸ்ரீநிதி.

"ஓட்டாம அனுப்பறதா?" ஜினேஷ் அவளைப் பார்த்த பார்வையில், கோயிலுக்குள் செருப்போடு வந்தவளைக் கண்ட அதிர்ச்சி இருந்தது.

திரையில் பங்குனி போயிற்று, சித்திரை கொளுத்திற்று. வெளியே ஒரே ஒரு சாயங்காலம் சத்தமில்லாமல் கரைந்துகொண்டிருந்தது. இன்னொரு தடவை அப்பா இந்த வீட்டில் பசியோடு எழுந்துவிட்டால், இனி எந்த முகத்தோடு அவரைக் கூப்பிடுவாள்? ஸ்ரீநிதி விருட்டென்று இலையைத் தூக்கினாள்.

"ஆளே இல்லாத ரூம்ல எங்கப்பா எப்பிடிச் சாப்புடுவாரு? வாப்பா, மாடிக்குப் போலாம். நீங்க அந்த நாலு பேரையே கட்டிக்கினு அழுவுங்க!"

மொட்டை மாடியில், செல்போன் டவருக்குப் பக்கத்தில், சூரியன் இன்னும் ஒரு கையகலம் மிச்சம் இருந்தான். யசோதரன் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேப்பை அடையைப் பிய்த்துத் துவையலில் தோய்த்தார். "உப்பு ஒறைப்பு எல்லாம் உங்கம்மா கைதான்" என்றார். ஸ்ரீநிதிக்குக் கண் நிறைந்தது. வெயில் கூசுகிறது என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

கீழே டிசம்பர் ஓடி முடிந்து முடிவு வந்தது. சாயங்காலம் கண்ணாடி தெளிந்திருந்தால் கரண்ட் சேமிப்பு இரண்டு சதவீதம் குறையும். அனுப்புவதா, வேண்டாமா? யோசித்து யோசித்து மாடியேறி வந்தபோது சூரியனும் இல்லை, இலையும் இல்லை. பொழுது சாய்ந்தபின் அவரும் சாப்பிடக் கூடாதே! மாமனார் ஏப்பம் விட்டுக்கொண்டே இறங்கினார்.

எட்டு மணிக்கு, யாரும் தொடாமலே, கண்ணாடி பளிங்காகத் தெளிந்தது. அட்டவணைப்படி விளக்கும் தானாக எரிந்தது. காலி மேசை முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்த ஜினேஷைத் தெருவே நின்று பார்த்தது. மாடலில் அந்த நேரம் நால்வர் திருப்தியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஸ்ரீநிதி அலமாரியைத் திறந்து பச்சைத் திரைச்சீலையை எடுத்தாள். அப்பா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். ஜினேஷ் தடுக்கவில்லை, கணினியைத் திறந்து, "துணி என்ன கனம் மாமா?" என்று மட்டும் கேட்டார்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. இன்று மழை வருமா என்று ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினீர்களா, போனைப் பார்த்தீர்களா? ராத்திரி நன்றாகத் தூங்கினோமா என்று காலையில் உங்களைக் கேட்டுக்கொண்டீர்களா, கைக்கடிகாரத்தையா? கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் யாராவது இந்நேரம் சமையலறை ஜன்னலோரம் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று எழுந்து போய்ப் பாருங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே "எங்க வீட்ல அப்படி இல்ல" என்று சொல்லிவிட்டீர்களானால், திண்டிவனத்தில் உங்களுக்கு ஒரு சகோதரர் இருக்கிறார்.