சாப்பிட வந்த சமையல்காரர்கள்

கோட்டுச்சேரியில் அமலராணியின் ஓட்டலில் பதினோரு வருஷமாகப் பன்றிக்கறி மிளகு வறுவல்தான் விசேஷம். கொரியத் தொடர் பார்க்கிற காலேஜ் பெண்கள் ஓயாமல் வந்து "சம்க்யோப்சல் இல்லையாக்கா?" என்று கேட்டதில், ஈஸ்டர் முடிந்த கையோடு அவளும் அதில் இறங்கினாள். கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக இருக்கிற வயிற்றுக்கறியைப் பட்டை பட்டையாக நறுக்கிக் கொடுத்துவிடுவாள். மேசை நடுவில் கேஸ் அடுப்பு, அதன்மேல் இரும்புத் தட்டு. வந்தவர்களே சுட்டு, கத்தரியால் வெட்டி, பூண்டோடு இலையில் மடித்துத் தின்றுகொள்ள வேண்டும். உப்புப் போட்டது, மிளகு சீரகம் பிரட்டியது, புளியும் மிளகாயும் ஊறியது என்று மூன்று வகை. லெட்டூஸ் கிடைக்காத நாளில் வெற்றிலை.

அமலராணிக்கு மத்தியானத்தில் உட்கார நேரம் கிடைத்தது அப்போதுதான்.

மூன்றாவது வாரம் உணவக ஒழுங்குமுறைப் பிரிவிலிருந்து ஆய்வாளர் தெட்சிணாமூர்த்தி வந்தார். சுத்த சைவம். கறித்தட்டின் பக்கம் திரும்பாமல் அடுப்பை மட்டும் பார்த்தார்.

"இங்க சமைக்கிறது யாரும்மா?"

"சாப்பிட வர்றவங்கதான் சார்."

"அப்ப அவங்க சமையல்காரங்க. மருத்துவச் சான்று, தொப்பி, அடையாள அட்டை எல்லாம் இருக்கணும்."

அமலராணி யோசித்தாள். "அடுப்பத் தொடாம சும்மா உக்காந்து தின்னா?"

"அது சாப்பாடு. கறியைத் திருப்பிப் போட்டா சமையல்."

ஓட்டலைப் பூட்டிவிடுவார்களே என்ற பயத்தில் அவள் வருகிறவர்களிடமெல்லாம் சான்று கேட்க ஆரம்பித்தாள். மறுவாரம் பிறந்தநாள் கொண்டாட வந்த எட்டுப் பெண்கள், ஆளுக்கொரு மலப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, வலைத்தொப்பியோடு கேக் வெட்டினார்கள். பூவத்தோடு முடிகிற மாநில எல்லையைத் தாண்டித் தரங்கம்பாடியிலிருந்து வந்த ஒருத்தியை வெளிமாநிலத் தொழிலாளர் பதிவேட்டில் ஏற்ற வேண்டியதாயிற்று.

அடுத்த சுற்றறிக்கை, மூன்று வகைக்கும் மூன்று பதவி என்றது. உப்புக்கறி சுடுபவர் கடைநிலை. ஆறு மாதம் ஒழுங்காகச் சுட்டால் மிளகுக்குப் பதவி உயர்வு, அது இடைநிலை. புளி மிளகாய், முதுநிலை.

கூட்டம் குறைந்துவிடும் என்று அமலராணி கணக்குப் போட்டாள். நடந்தது வேறு. அரசாங்க முத்திரை போட்ட அட்டை கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, பன்றிக்கறி தொடாதவர்கள்கூட வரிசையில் நின்றார்கள். செந்தில்குமார் என்ற பட்டதாரி, தனக்குப் பின்னால் சேர்ந்த சுகிர்தாவுக்கு முன்னதாக மிளகு கொடுத்துவிட்டதாக மனு எழுதினார். "பணிமூப்பை மீறிட்டீங்க" என்றார். வாயில் உப்புக்கறி இருந்தது. பூவத்து வடிவாம்பாள், மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் அவன் அட்டையை எடுத்து வைத்து, "கொரியா சம்பந்தப்பட்ட வேலைங்க" என்றாள். சம்பந்தம் அங்கேயே நிச்சயமானது.

ஒருநாள் தெட்சிணாமூர்த்தி தன் மகனை அழைத்து வந்தார். இன்ஜினீயரிங் முடித்து நாலு வருஷமாக வீட்டில் இருக்கிறான்.

"கறியத் தொடமாட்டாம்மா. அட்டை மட்டும் போதும். நேரடி நியமனத்துல மேற்பார்வையாளரா போட்டுடலாம், விதியில இடமிருக்கு."

"செய்யுங்க சார்" என்றாள். வேறு என்ன சொல்வது?

பையன் பொறுப்பானவன். முதல் நாளே பதிவேட்டை முழுக்கப் படித்துவிட்டு, மிளகு வறுவல் கிளறிக்கொண்டிருந்தவளிடம் வந்தான்.

"ஆன்ட்டி, உங்க அட்டை?"

"நான் ஓனர்ப்பா."

"ஓனர் சமைக்கலாம்னு எங்கயும் எழுதல. கரண்டியக் கீழ வைங்க. விண்ணப்பிச்சா உப்புல சேரலாம். ஆனா இடம் இல்ல. உங்களுக்கு முன்னால முந்நூத்திப் பத்து பேர் காத்திருக்காங்க."

அமலராணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதினோரு வருஷம், தன் கை, தன் அடுப்பு. இந்த அநியாயத்தை ஊரைக் கூட்டிக் கேட்டுவிடுவது என்று வெளியே வந்தாள். வாசலில் தொப்பியோடு நின்ற வரிசை பஸ் ஸ்டாப் வரை போயிருந்தது. பார்த்தவுடன் வேறு பதற்றம் பிடித்துக்கொண்டது.

உள்ளே ஓடி, செந்தில்குமாரின் மேசையில் குனிந்தாள்.

"தம்பி, உங்களுக்கு ஆபீஸ்ல ஆள் பழக்கம் உண்டா? எனக்கு நேரா மிளகுலயே போட்டுக் குடுக்க யாரப் பிடிக்கணும்?"