அறிக்கையில் அமரரான பொருளாளர்

கணக்கு எழுதுகிறவன் பயப்பட வேண்டிய சொல் ஒன்றே ஒன்றுதான்: ‘இப்போதைக்கு.’ இப்போதைக்கு ஒரு எண்ணைப் போட்டு வைப்போம், இப்போதைக்கு ஒரு பெயரைப் போட்டு வைப்போம், பிறகு மாற்றலாம் என்று இருப்போம். அந்தப் ‘பிறகு’ வராததால் ஒரு சனிக்கிழமை காலை நான் செத்துப்போனேன்.

நல்லூரில் எங்கள் வட்டாரத்துக்கு ஒரு மரண உதவிச் சங்கம் இருக்கிறது. மாதச் சந்தா கட்டுகிறவர் கண்ணை மூடினால் பந்தலும் கதிரைகளும் வாசலுக்கு வந்துவிடும், பிறகு குடும்பத்துக்கு ஒரு தொகையும் வரும். அதன் பொருளாளர் நான். எனக்கு முன்பிருந்தவர் பேனையால் எழுதினார். நான் எக்செலுக்கு மாறினேன். (சும்மா மாறவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் அதன் அருமை பெருமைகளைச் சொல்லியே அங்கத்தவர்களைப் பாதி சாகடித்திருந்தேன்.)

என் தலைசிறந்த படைப்பு காலாண்டு அறிக்கை. மேலே இரண்டு கட்டங்கள். ஒன்றில் இறந்தவரின் பெயரையும் மற்றதில் கொடுத்த தொகையையும் போட்டால், கீழே சூத்திரம் தானே வசனம் எழுதும். அங்கத்தவர் பட்டியலில் தேடி வாரிசின் பெயரையும் சேர்த்துக்கொள்ளும். யாரும் இறக்காவிட்டால் கட்டத்தை வெறுமையாக விடவேண்டும், வசனமும் மறைந்துவிடும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பெயர் வேண்டுமே! உயிரோடு நடமாடுகிற ஒருவரை அந்தக் கட்டத்தில் போட்டது தெரிந்தால் பொல்லோடு வருவார்கள். ஆகவே பெருந்தன்மையோடு என் பெயரையே போட்டேன். தொகைக்கு இப்போதைக்கு ஒன்று. சூத்திரம் எழுதியது:

‘இக்காலாண்டில் அமரரான அங்கத்தவர் கந்தையா சிவநேசன் அவர்களின் துணைவியார் புவனேஸ்வரி அவர்களுக்கு ரூபா 1 வழங்கப்பட்டது.’

எனக்கு நானே கைதட்டாத குறை. அந்தக் காலாண்டில் எங்கள் வட்டாரத்தில் ஒருவரும் சாகவில்லை. கட்டத்தை வெறுமையாக்க மறக்காமல் இருந்திருந்தால் நானும் செத்திருக்க மாட்டேன்.

சாவதற்கு அது நல்ல நேரமும் இல்லை. மகளின் கலியாணத்துக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. தெல்லிப்பழைச் சம்பந்தம். மாப்பிள்ளை லண்டனிலிருந்து வர டிக்கெட் எடுத்துவிட்டார். மண்டபம், மேளம், சாப்பாடு எல்லாம் சொல்லியாயிற்று. பெண்ணின் தகப்பன் செத்தால் எங்கள் பக்கத்தில் ஒரு வருடத்துக்குக் கலியாணப் பேச்சே கிடையாது.

அந்தச் சனிக்கிழமை மனைவி மகளோடு தையற்கடைக்குப் போயிருந்தாள். அவளது போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. நான் அறிக்கையைச் சங்கத்து வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றினேன். குடிக்க முதல் போன் அடித்தது. சங்கத் தலைவர் மகேந்திரம் அண்ணை.

கூட்டலில் பிழை விட்டுவிட்டேன்! போன கூட்டத்தில்தான், “எக்செல் பிழை விடாது, நான் பொறுப்பு” என்று மேசையில் தட்டியிருந்தேன். எடுக்கவில்லை. அடுத்தது ரொறன்ரோவில் இருக்கிற எங்கள் அங்கத்தவர் ஒருவரிடமிருந்து. அங்கே ஒருவன் படுக்கப் போகாமல் என் கணக்கைப் பார்க்கிறான் என்றால் பிழை சின்னதாக இருக்க முடியாது. பிறகு தெரியாத எண்கள் வரிசையில் வந்தன. போனை நிறுத்தினேன், வீட்டைப் பூட்டினேன், மடிக்கணினியைச் சைக்கிளில் கொளுவிக்கொண்டு, சங்கத்து ஆட்கள் ஒருவரும் வராத குருநகர்க் கரைக்கு ஓடினேன்.

ஒரு படகின் நிழலில் இருந்து ஒவ்வொரு கூட்டலையும் கல்குலேற்றரில் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. மறுபடியும் பார்த்தேன். அப்போதும் சரி. வசனத்தை மட்டும் வாசிக்கவில்லை. (சூத்திரம் எழுதியதை யார் வாசிப்பார்கள்?)

“ஐயா, மீன் வாங்க வந்தனீங்களோ, எங்களைக் கணக்கெடுக்க வந்தனீங்களோ?” என்றாள் மீன் விற்ற பெண். “வாங்கிறதெண்டால் வாங்குங்கோ. இல்லாட்டி வழியை விடுங்கோ.”

கணக்குச் சரியாக இருந்த சந்தோசத்தில் விளைமீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். எங்கள் ஒழுங்கையில் பெட்டி பூட்டிய லான்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று நின்றது. சங்கத்துக் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். முன்வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து, முகத்தைத் தொங்கப்போட்டு, மீன் பையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, லான்மாஸ்டர்க்காரரிடம் கேட்டேன். ஆள் ஊருக்குப் புதிது.

“ஆர் தம்பி?”

“சங்கத்துப் பொருளாளராம் அண்ணை. நல்ல மனிசனாம்.”

(‘நல்ல மனிசன்’ என்றதும் ஒரு கணம் உள்ளம் குளிர்ந்ததை மறைக்க மாட்டேன்.)

“எப்பிடியாம்?”

“தெரியாது. மனிசிக்கு ஒரு ரூபாய்தான் குடுத்தவங்களாம். பாவம், அந்த ஏக்கத்திலை போயிருப்பார்.”

சைக்கிளைத் திருப்பப் பார்த்தேன். அதற்குள் மகேந்திரம் அண்ணை கண்டுவிட்டார்.

“டேய் நேசன்! நீ செத்தெல்லோ போனாய்!”

“இல்லை அண்ணை.”

“என்னெண்டு இல்லை? போனும் இல்லை, வீடும் பூட்டு, உள்ளுக்கை மனிசியின்ரை போன் கிடந்து அடிக்குது. அறிக்கையிலை கீழை கையெழுத்தும் நீதான் வைச்சிருக்கிறாய்!”

அவருக்குப் பின்னால் வெள்ளை வேட்டியோடு நின்றவர் தெல்லிப்பழைச் சம்பந்தி. செய்தி கேட்டு, வாயில் போட்ட வெற்றிலையைப் பாதியில் துப்பிவிட்டு ஓடி வந்தவர் போல முகம். கையில் போன்.

“மகன் லைனிலை நிக்கிறான்,” என்றார் மெதுவாக. “டிக்கெட்டை மாத்தட்டோ எண்டு கேக்கிறான்.”

நான் சங்கத்துக் கதிரை ஒன்றில் மடிக்கணினியை விரித்து, “இந்தக் கட்டத்திலை இப்போதைக்கு என்ரை பேரைப் போட்டனான், சம்பந்தி...” என்று வகுப்பெடுக்கத் தொடங்கினேன். யாருக்கும் விளங்கவில்லை. பின்னால் ஒருவர், “கலியாணத்துக்கு முதல் உப்பிடி ஒரு சகுனமோ?” என்று முணுமுணுத்தார். சம்பந்தியின் முகம் இன்னும் இருண்டது.

அந்த நேரம் பார்த்து ஓட்டோவில் மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். மனைவி கதிரைகளைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“இஞ்சேருங்கோ, கலியாணப் பலகாரம் சுட வாற சனத்துக்கு இப்பவே கதிரை எடுத்திட்டியளோ? கலியாணம் கட்டின நாளிலையிருந்து இண்டைக்குத்தான் ஒரு வேலையை நேரத்துக்குச் செய்திருக்கிறியள்! சம்பந்தியையும் கூப்பிட்டிருக்கிறியள்!”

நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் மனைவியின் சிரிப்பைப் பார்த்தார், மகளின் கையிலிருந்த தையற்கடைப் பையைப் பார்த்தார், என் மீன் பையைப் பார்த்தார். அவர் மீசை துடித்தது. கோபம் என்றுதான் நினைத்தேன். போனைக் காதில் வைத்தார்.

“தம்பி, டிக்கெட்டை மாத்தாதை. பொம்பிளையின்ரை தேப்பன் விளைமீனோடை நிக்கிறார்.”

பிறகு மனைவியிடம் திரும்பினார். “ஓம் தங்கச்சி, இந்தச் சனத்தை முழுக்கக் கூட்டினது அவர்தான். வேறை ஒருத்தரும் உதவி செய்யேல்லை.”

அழ வந்தவர்கள் தேத்தண்ணி குடித்து, கதிரைகளை அங்கேயே விட்டுப் போனார்கள். போனைத் திறந்து அனுதாபச் செய்திகளைக் கண்ட மனைவி, நான் செத்ததைக்கூட மன்னித்தாள். ஒரு ரூபாயை மன்னிக்கவில்லை.

கலியாணம் குறித்த நாளில் நடந்தது. மண்டப வாசலில் சம்பந்தி என் தோளில் கைபோட்டு, வந்தவர்களுக்கெல்லாம் அறிமுகம் செய்துகொண்டிருந்தார்: “இவர்தான் பொம்பிளையின்ரை தேப்பன். கலியாணத்துக்கெண்டு மேலையிருந்து லீவிலை வந்தவர்.”

இப்போது லண்டனில் பேத்தி கதைக்கப் பழகிவிட்டாள். வீடியோவில் என்னைக் கண்டதும் முதற்கேள்வி, “அம்மப்பா, லீவு முடிஞ்சுதோ?”

“இல்லைக் குஞ்சு, நீட்டித் தந்திருக்கினம்.”

குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வரும்: “சம்பளமில்லாத லீவெண்டு சொல்லுங்கோ.”