எட்டு எழுத்தில் ஒரு நன்றி

வாயைத் திறப்பதில்லை என்று ஏசுபாதம் முடிவு செய்துவிட்டார்.

பொதுவாகவே அவர் அதிகம் திறக்கிற ஆள் இல்லை. காபி வேண்டுமென்றால் டம்ளரால் மேசையில் ஒரு தட்டு. இரண்டாவது காபிக்கு இரண்டு தட்டு. முடிச்சூரில் அவர் வீட்டுக்குப் பால் போடுகிறவர், இவரை மூன்று வருடம் ஊமை என்றே நினைத்துப் பரிதாபப்பட்டிருக்கிறார். ஒருநாள் பால் திரிந்துபோனது. அன்றைக்குத்தான் உண்மை தெரிந்தது.

இப்போதைய முடிவுக்குக் காரணம் வேறு. வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு கல்யாணம் ஆகி நாற்பது வருடம். வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைப்பதென்று மனைவி ஞானஜோதி அறிவித்துவிட்டாள். ஸ்தோத்திரக் கூட்டம் என்றால் வாடகை நாற்காலி நாற்பது, பாட்டு, ஜெபம், கடைசியில் பிரியாணி. இதில் எதற்கும் ஏசுபாதத்துக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஜெபத்துக்கும் பிரியாணிக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. சாட்சி. வீட்டுக்காரர் எழுந்து நின்று, ஆண்டவர் செய்த நன்மையையும் பெண்டாட்டி செய்த நன்மையையும் ஊர் அறியச் சொல்ல வேண்டும். சொந்த வாயால்.

மைத்துனர் தாவீது போன வருடம் தன் வீட்டுக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் சாட்சி சொன்னார். அறுபதாம் வயதில் எடுத்த பித்தப்பைக் கல் வரைக்கும் வந்துதான் நிறுத்தினார். கல்லையும் கொண்டுவந்து காட்டினார். பிரியாணி ஆறி அவலாகிவிட்டது.

"நான் பேச மாட்டேன்," என்றார் ஏசுபாதம்.

"பேச வேணாம். நன்றின்னு ஒரு வார்த்தை. அது போதும்," என்றாள் ஞானஜோதி. பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "நாப்பது வருஷத்துல ஒரு தடவை காதால கேட்டுக்கிறேன்."

"மனசுல இருக்கு."

"மனசுல இருக்கிறதை நான் எப்படிங்க பார்க்கிறது? எக்ஸ்ரே எடுக்கவா?"

அவருக்குச் சுருக்கென்றது. ஏசுபாதம் நன்றி கெட்டவர் இல்லை. நன்றி உள்ளே கிடந்தது. மூட்டை மூட்டையாகக் கிடந்தது. வெளியே வர வாசல் இல்லை, அவ்வளவுதான். ஆனால் நாற்பது நாற்காலிக்கு முன்னால் நின்று வாயைத் திறப்பதா? சொல்ல வந்தது மறந்துபோகும். கண் வேறு கலங்கித் தொலைக்கும். பிறகு அந்தத் தாவீது முகத்தில் எப்படி விழிப்பது?

அதற்குத்தான் திட்டம் போட்டார்.

முப்பத்தொரு வருடம் எடை இயந்திரத் தொழிற்சாலையில் பழுது பார்த்தவர் அவர். ஓய்வு பெறும்போது கூட வந்தது ஒரு மரப்பெட்டி. உள்ளே தட்டுத் தட்டாகச் சாமான்கள். அதன் அடித்தட்டில், ஒரு நீல பிஸ்கட் டப்பாவில், கறுப்பு ஸ்பாஞ்சில் குத்தி வைத்தபடி ஆறு டிஸ்பிளேக்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். எட்டு எழுத்துக்கு இடம். ஒரு இடத்துக்குக் குறுக்கே ஐந்து, நெடுக்கே ஏழு என்று முப்பத்தைந்து சிவப்புப் புள்ளிகள். மூளையும் அதற்குள்ளேயே. எந்தப் புள்ளி எரிய வேண்டும், எது அணைய வேண்டும் என்று நாம் பக்கத்தில் உட்கார்ந்து மேய்க்க வேண்டாம். எழுத்தைச் சொல்லிவிட்டால் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் இருக்கிறவரை விடாது.

ஒருமுறை சொன்னால் போதும், எதிர்க்கேள்வி கிடையாது. ஏசுபாதத்துக்குப் பிடித்த குணம். அந்த வீட்டில் வேறு யாரிடமும் அது இல்லை.

ஒரே தொல்லை, அதற்குத் தெரிந்தது இங்கிலீஷ் மட்டும். ஆனால் நம் இஷ்டத்துக்கு வரைந்துகொள்ள உள்ளே பதினாறு உருவத்துக்குக் காலி இடம் விட்டிருந்தார்கள். புண்ணியவான்கள். ஞானஜோதி மாதர் சங்கத்துக்குப் போகிற மதியங்களில் ஏசுபாதம் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துத் தமிழ் எழுத்து வரைந்தார். 'ந' சொன்னபடி கேட்டது. 'ஜ'வை முப்பத்தைந்து புள்ளிக்குள் அடக்குவது யானையை ஷேர் ஆட்டோவில் ஏற்றுகிற வேலை. ஏற்றிவிட்டார்.

என்ன எழுதுவது? 'நன்றி' மூன்று இடம். நடுவில் ஓர் இடம் காலி. 'ஜோ'வுக்குக் கொம்பு, உடம்பு, கால் என்று மூன்று. 'தி' ஒன்று. எண்ணிப் பார்த்தார். மிகச் சரியாக எட்டு. நன்றி ஜோதி. ஞானத்துக்குத்தான் இடம் இல்லை.

எரியவிட்டபோது மூன்றாவது எழுத்து கொஞ்சம் மக்கர் செய்தது. 'றி'யின் சுழி மேலே மூக்கறுந்து தெரிந்தது. மறுபடி வரைந்தார். மறுபடியும் மூக்கு இல்லை. மூன்று முறை வரைந்தார். கண்ணாடியைத் துடைத்தார். பிறகு 'றி'யை வாய்விட்டே திட்டினார். நன்றி சொல்வதில் இப்படி ஏதாவது சிக்கல் வரும் என்று அவருக்கு முதலிலேயே தெரியும்.

எழுத்தைச் சொல்லிக் கொடுக்க ஒரு சின்ன போர்டு, தட்டச்சு செய்ய ஒரு பழைய கம்ப்யூட்டர் கீபோர்டு, எரியவிட ஒரு சுவிட்ச். எல்லாவற்றையும் சோப்பு டப்பாவில் பொருத்தி முன்பக்கம் சன்னல் வெட்டினார். வரைந்த தாளை நம்பர் போட்டுப் பக்கத்திலேயே மடித்து வைத்தார். வேலையில் ஒழுங்கு வேண்டும்.

ஒரு மதியம் ஞானஜோதி சீக்கிரம் வந்துவிட்டாள். அவர் சோப்பு டப்பாவின் மேல் துண்டைப் போட்டார். நீல டப்பாவை மறைக்க மறந்துவிட்டார். அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அது ஏதுங்க?"

"என் பெட்டியில கிடந்தது."

"உங்க பெட்டியில," என்றாள். "சரி." சமையலறைக்குப் போய்விட்டாள். பெண்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று ஏசுபாதம் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

ஞாயிறு வந்தது. ஆராதனை முடிந்து ஜனங்கள் நேராக வீட்டுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டு ஓவியா, நாவலூர் ஐ.டி. கம்பெனிப் பெண், தட்டு அடுக்கிக் கொடுத்தாள். தாவீது முன்வரிசை நடுநாற்காலியில், நாலாய் மடித்த ஒரு தாளோடு. வாய்ப்புக் கிடைத்தால் அவரும் சொல்வார். பின்கட்டிலிருந்து பிரியாணி மணம் வந்துகொண்டிருந்தது. பாட்டு முடிந்தது. ஜெபம் முடிந்தது. பாஸ்டர் ஜீவானந்தம் இவரைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்ப நம்ம ஏசுபாதம் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லுவார்."

ஏசுபாதம் எழுந்தார். அதற்கே இரண்டு பேர் ஆச்சரியப்பட்டார்கள். மேசை மேல் கேக்குக்குப் பக்கத்தில் துண்டு மூடி வைத்திருந்த டப்பாவை, சன்னல் கூட்டத்தைப் பார்க்கும்படி நகர்த்தினார். துண்டை எடுத்தார். சுவிட்சைத் தட்டினார். கைகட்டிக்கொண்டு நின்றார். இனி கைதட்டுவார்கள். பிறகு சாப்பாடு.

கை தட்டவில்லை. யாரோ இருமினார்கள். தாவீது கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முன்னால் குனிந்தார். ஒவ்வோர் எழுத்தாக, ஞாயிறு பள்ளிப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தார்.

"வா... யைத்... திற."

ஏசுபாதம் மேசையைச் சுற்றி வந்து பார்த்தார். சிவப்பில், பளிச்சென்று, எட்டு இடத்தையும் அடைத்துக்கொண்டு நின்றது. வாயைத் திற. ஓர் எழுத்திலும் மூக்கறுந்திருக்கவில்லை.

சுவிட்சை அணைத்துப் போட்டார். வாயைத் திற. மறுபடி அணைத்துப் போட்டார். வாயைத் திற. அந்தப் போர்டும் ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொள்ளுகிற ஜாதி.

கூட்டம் சிரித்து ஓய்ந்தது. சபைக்குச் சொன்ன செய்தியா என்று பாஸ்டர் விசாரித்தார். சமையலறை வாசலில் ஞானஜோதி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இல்லீங்க ஐயா," என்றாள். "அவருக்கு."

எழுந்தாகிவிட்டது. உட்கார வேண்டுமானால் நாற்காலிக்குப் பத்தடி நடக்க வேண்டும், எல்லார் முன்னாலும். அதைவிடப் பேசிவிடலாம் என்று தோன்றியது.

"அந்த டிசம்பர்ல தண்ணி வந்துச்சு," என்றார்.

எந்த டிசம்பர் என்று, வெள்ளத்தில் மூழ்கி எழுந்த முடிச்சூரில் யாரும் கேட்க மாட்டார்கள். சிரிப்பு நின்றது.

"எனக்குக் கால்ல மாவுக்கட்டு. நாலு பேர் நாற்காலியோட தூக்கிட்டுப் போனாங்க. பெட்டி இல்லாம வர மாட்டேன்னு கத்தினேன். இவ ஒண்ணும் சொல்லல. திரும்பிப் போனா. இடுப்பளவு தண்ணி, மேல மழை. பெட்டியைத் தலையில வச்சுத் தூக்கிட்டு வந்தா."

நிறுத்தினார். தண்ணீர் குடித்தார்.

"அன்னிக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேன்."

எல்லாரும் பார்த்தார்கள்.

"மேல் தட்டு நனைஞ்சிருச்சேன்னு சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. சமையலறை வாசலைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கேக்கைப் பார்த்துச் சொன்னார்.

"அதுக்கு இன்னிக்குச் சொல்றேன். நன்றி, ஜோதி."

பத்தடி நடந்து உட்கார்ந்தார். தாவீது மடித்து வைத்திருந்த தாளாலேயே கண்ணைத் துடைத்தார். மை கலைந்துவிட்டது. அதனால் பிரியாணி சூடாகவே கிடைத்தது.

நாலு மணிக்கு நாற்காலிக்காரர் வந்து நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு போனார். வீடு அமைதியானது. ஞானஜோதி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் இன்றைக்கு டம்ளரைத் தட்டவே இல்லை. தானாக வந்தது.

"ஓவியாதானே எழுதிக் கொடுத்தா?" என்றார்.

"பாவம், அந்தப் பொண்ணு இந்த மாதிரி ஒண்ணைக் கண்ணால பார்த்ததில்ல. என்ன ஆன்ட்டி, காது மெஷினான்னு கேட்டுச்சு."

"அப்ப யாரு?"

"சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்துல ஏற்றுமதிக் கம்பெனிக்கு எட்டு வருஷம் போனேனே. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நீலக் கோட்டு இருந்தது. காலை ஆறு மணி ரயில் இருந்தது. போகும்முன் அவருக்கும் சேர்த்துக் கட்டி வைத்த சாப்பாட்டுக் கூடை இருந்தது. அங்கே அவள் என்ன செய்தாள் என்பது இல்லை. அவர் கேட்டதில்லை. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட.

ஏசுபாதம் தொண்டையைச் செருமினார். "அங்க உனக்கு என்ன வேலை?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். முகத்தில் ஒரு மாதிரி வெளிச்சம் வந்தது. "கேட்டுட்டீங்களே," என்றாள்.

கடைசிச் சோதனை அவள் மேசையில். இதே எட்டு எழுத்து டிஸ்பிளேதான். எல்லாப் புள்ளியையும் எரியவிட்டு லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஏ முதல் இசட் வரை ஒவ்வோர் இடத்திலும் ஓட்ட வேண்டும். சொந்த உருவம் பதினாறும் வாங்குகிறதா என்று வரைந்து பார்க்க வேண்டும். ஒரே ஒரு புள்ளி செத்திருந்தாலும் ரிஜெக்ட். அதையெல்லாம் நிதானமாகச் சொன்னாள். அவர் காபியை ஆறவிட்டுக் கேட்டார். தான் பதினைந்து நாள் தாளோடு மல்லுக்கட்டியதை அவள், அவர் தூங்கிய ஒரு மதியத்தில் முடித்திருக்கிறாள். நம்பர் போட்ட தாள் பக்கத்திலேயே இருந்ததாம். ஒன்பது உருவத்துக்கு இடமும் காலியாக இருந்ததாம். ஒழுங்கான ஆளிடம் வேலை பார்ப்பது சுகம் என்றாள்.

"மூணாவது இடத்துல மேல் வரிசை கடைசிப் புள்ளி எரியாது. அது தெரியாம நீங்க 'றி'யைத் திட்டிக்கிட்டு இருந்தீங்க, வாசல் வரைக்கும் கேட்டுச்சு. நான் அந்தப் புள்ளி படாத மாதிரி எழுதினேன்."

"எரியாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே அதை ரிஜெக்ட் பண்ணினேன்."

கம்பெனியை மூடின அன்று சூப்பர்வைசர் சாமுண்டீஸ்வரி அக்கா ஆளுக்கு ஒரு டப்பா ரிஜெக்ட் பீஸ் ஞாபகத்துக்குக் கொடுத்தார்களாம். நீல டப்பா. வீட்டில் பத்திரமான இடம் அந்த மரப்பெட்டிதான். அடித்தட்டில் வைத்திருக்கிறாள்.

ஏசுபாதம் ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு ஒன்று மட்டும் உறுத்தியது. "இருந்தாலும், திற என்ன, திற? கொஞ்சம் மரியாதையா எழுதியிருக்கலாம்."

"மரியாதைக்கு இடம் இல்லீங்க. எட்டுதானே. உங்களுக்கு ஞானத்துக்கு இடம் இல்லாத மாதிரி."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். எதிரில் உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கப் பார்க்க உள்ளே கிடந்த மூட்டைகளில் இன்னொன்று அவிழ்ந்தது. ஒரே நாளில் இரண்டாவது. வாசல் ஒருமுறை திறந்தால் அப்படித்தான் போலிருக்கிறது.

"எது எப்படியோ," என்றார். "அவ்வளவு தண்ணியில எனக்காக என் பெட்டியைத் தேடிப் போனியே, ஜோதி. அதை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்."

ஞானஜோதி காலி டம்ளர்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உங்க பெட்டிக்கு யாருங்க போனது? உள்ள என் டப்பா இருந்துச்சு."